கூடி வாழ்வோரின் கண்டிப்பு

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. அவனுடைய வில்லாற்றலும் கொடையும் அன்று புகழப்படுகின்றன. அவன் எதற்காக உயிர் விட்டான் என்று பேசுவோர் குறைவு.

சங்கப் பாடல்களைக் கொண்டு வரலாற்றாசிரியர்கள் கோத்துச் சொல்லும் செய்தி இது. தகடூர் அதியமான் திருக்கோவலூரை வென்றான். நாடிழந்த மலையமான் திருமுடிக்காரி சேரனின் துணையை நாடினான். சேரன் கேட்ட விலை கொல்லிமலை. காரி அதை ஆண்ட ஓரியைக் கொன்று மலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். பிறகு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையும் அழித்தான். ஆக, எல்லை மீறியவன் அதியமான். முதலில் மாண்டவன் அந்த வழக்கில் தொடர்பே இல்லாத ஓரி.

முறையிடப் பொதுமன்றம் இல்லாதபோது, நீதி கேட்பவன் வலியவனிடம்தான் போய் நிற்பான். வலியவன் தன் கூலியை எவரிடமிருந்தாவது பறித்துக்கொள்வான். அரசுகள் ஒன்றுசேர்ந்து பொதுவிதி வகுத்துக்கொள்வதன் பெரும்பயன், இந்தக் கூலியிலிருந்து தப்புவதே. ஆனால் சேர்ந்த பிறகு உறுப்பினர் ஒருவரே விதியை மீறினால் என்ன செய்வது?

இன்றைய கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு எனப் பல நாடுகள் ஊராட்சிகளாக ஒரே ஊராட்சி ஒன்றியத்துக்குள் இருக்கின்றன. அங்கே ஊராட்சித் தலைவர் ஒருவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205-ஆம் பிரிவில் ஒரு முறையை வைத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் முதலில் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால், வட்டாட்சியர் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தை அறிய வேண்டும். அதையும் கருதிப் பார்த்த பிறகே தலைவரை நீக்கலாம். முடிவு தேர்தலில் நிற்காத ஓர் அதிகாரியின் கையில் இருப்பது இதன் குறை. ஆனால் கேட்டபின் தண்டிப்பது, தவறியவரை மட்டும் தண்டிப்பது என்ற இரு அறங்கள் இதில் இருக்கின்றன. தலைவர் போவார், ஊருக்குரிய உரிமை போகாது.

இந்திய ஒன்றியம் தன் மாநிலங்களிடம் இந்த நிதானத்தை எப்போதும் காட்டியதில்லை. அரசமைப்பின் 356-ஆம் பிரிவைக் கொண்டு தமிழ்நாட்டு அரசு 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. 1991-இல் ஆளுநரின் அறிக்கைகூட இல்லை. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்குக் கடிவாளம் போட்டது: பெரும்பான்மை சட்டமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட வேண்டும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நேர்மாறான துன்பத்தில் சிக்கியது. ஒன்றியத்தின் விதிகளை மீறியதாகப் போலந்து மீது 2017-இலும் ஹங்கேரி மீது 2018-இலும் நடவடிக்கை தொடங்கியது. வாக்குரிமையை நிறுத்தும் வழிக்குப் போக, மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று அரணாக நின்றதால் அந்தத் தண்டனை ஏட்டளவில் நின்றது. பிறகு நிதியை நிறுத்தி நெருக்கத் தொடங்கினார்கள்.

ஒருவர் நினைத்தாலே தண்டிக்கலாம் என்றால் அது ஆதிக்கம். ஒருவர் மறுத்தாலே தண்டிக்க முடியாது என்றால் விதி இருந்தும் இல்லாததுதான். இரண்டுக்கும் இடையில் நிற்பது கடினம். ஆனால் அறம் அங்கேதான் இருக்கிறது. ராணுவப் புரட்சியால் ஆட்சி மாறிய ஃபிஜியை, தேர்தல் நடத்த மறுத்ததற்காகக் காமன்வெல்த் 2009-இல் முழுமையாக இடைநீக்கம் செய்தது. 2014-இல் தேர்தல் நடந்ததும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. என்ன செய்தால் திரும்பலாம் என்பது தண்டிக்கப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது.

எனவே கண்டிக்கும் ஒன்றியம் தன்னிடம் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்டோமா? சுமை ஆள்வோர் மேல் விழுகிறதா, குடிகள் மேலா? திரும்பும் வழியைச் சொன்னோமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதே தவற்றை நம்மில் பெரியவர் செய்தால் இதே தண்டனையைத் தருவோமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாதவர்கள் காப்பது விதியை அன்று, தங்கள் வலிமையை. சிறிய உறுப்பினர் அதை விரைவில் கண்டுகொள்வார். அதன்பின் அவர் விதிக்குப் பணியமாட்டார். பணிவதுபோல் நடித்துக்கொண்டு, காரியைப்போலத் தனக்கொரு சேரனைத் தேடுவார்.