ஜாமீனுக்குப் பிறகு



ஜாமீன் கிடைத்த பிறகும் ஒருவர் மாதக்கணக்கில் சிறையிலேயே கிடக்க முடியுமா? முடியும். நீதிபதி உத்தரவு போட்டாயிற்று. ஆனால் உத்தரவின் கடைசியில் ‘இரு நபர் ஜாமீன்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு பேரும் கோர்ட்டுக்கு வந்து வீட்டு வரி ரசீது, பட்டா, வி.ஏ.ஓ. சான்று என்று எதையாவது காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சிற்றூரில் மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் இதற்கெல்லாம் எங்கே போகும்? தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலம்தான், பட்டா மட்டும் இல்லை.

கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் ஒரு வழக்கறிஞரின் சேவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கோர்ட்டில் வாதாடுவது கால் மணி நேரம். மீதி நாள் முழுக்க வேறு வேலை. மலையிலிருந்து வந்த அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்து, எஃப்.ஐ.ஆர். நகலை வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டும். “உங்க கொழுந்தனார் பேருல வீடு இருக்குதாம்மா? வரி கட்டின சீட்டு இருக்குதா?” “சீட்டு இருக்குதுங்க சார், பாதியக் கரையான் அரிச்சுப்போச்சு.” அரித்தது போக மிச்சத்தில் வரி எண் தெரிகிறதா என்று பார்த்து, தெரியாவிட்டால் ஊராட்சி அலுவலகத்துக்குக் குமாஸ்தாவை அனுப்பி, அதற்கான பஸ் காசையும் தன் பையிலிருந்தே கொடுக்கிற வழக்கறிஞர்கள் உண்டு. இதெல்லாம் எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் ஏறாது.

மலைக்காரர்களிடம் மட்டும் ஏன் காகிதம் இல்லை என்று கேட்கலாம். கல்வராயன் மலை நெடுங்காலம், அதைப் பரம்பரையாக ஆண்ட ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு 1947-இல் விடுதலை அடைந்தது. ஜாகிர் ஆட்சி முடிந்து மலை அரசு நிர்வாகத்துக்குள் முழுதாக வந்தது 1976-இல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும், ஏழைக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டியது அரசின் கடமை என்ற 39ஏ பிரிவு அரசியலமைப்பில் நுழைந்ததும் அதே 1976-இல்தான். டெல்லியில் சட்டம் எழுதிக்கொண்டிருந்த வருஷத்தில்தான் இங்கே கணக்குப் புத்தகமே திறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரலாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் காதுக்கு எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடனே எல்லோருடைய விரலும் மலையை நோக்கித் திரும்பியது. உயிரைக் குடித்தது மெத்தனால். அது மலையில் விளைகிற பொருளல்ல, தொழிற்சாலை ரசாயனம். ஆனாலும் மலையில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்ற பழி பழையது. அந்தச் சமயத்தில் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சொன்னவர் மூத்த வழக்கறிஞர் கே.ஆர். தமிழ்மணி. மலைக்கு 1976-இல்தான் விடிந்தது, வாக்குரிமை கிடைத்ததே 1996-இல்தான் என்று நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, சாலை, ரேஷன் கடை, மருத்துவமனை என்று அரசிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. ‘காய்ச்சியவன் யார்?’ என்று கேட்ட இடத்தில் ‘ஏன் காய்ச்சினான்?’ என்றும் கேட்க வைப்பதற்கு ஊர் வரலாறு தெரிந்த ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டார்.

இன்னொரு துயரம், செம்மரம். கூலி அதிகம் என்று தரகர் சொன்னதை நம்பிக் கல்வராயன் மலையிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போய்க் கைதானவர்கள் ஏராளம். வழக்கு ஆந்திரத்தில், காகிதமெல்லாம் தெலுங்கில். ஜாமீன் கிடைத்தாலும் ‘உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும்’ என்றால், வெள்ளிமலைக்காரருக்குக் கடப்பையில் யாரைத் தெரியும்?

இதே கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் எப்போதோ கேட்டுவிட்டார். 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் கையெழுத்துப் போட முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். 10,000 ரூபாய் அன்றைக்கு ஒரு கொத்தனார் கண்ணால் காண முடியாத தொகை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொதித்துப்போனார். ஒரே நாட்டுக்குள் ஊர் விட்டு ஊர் போனவன் அந்நியனா என்று கேட்டு, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார்.

அவருக்கு இது ஏன் உறைத்தது? கிருஷ்ணய்யர் நம் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொழில் தொடங்கியது தலச்சேரி என்ற சின்ன ஊரில், குடியானவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் வழக்காடிக்கொண்டு. கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-இல் அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். சிறைக்கதவு உள்ளிருந்து எப்படித் தெரியும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த சங்கதியல்ல. மோத்தி ராம் தீர்ப்பை எழுதியது டெல்லி நீதிபதி என்பதைவிட, தலச்சேரி வக்கீல் என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியொரு தீர்ப்பு வந்தும் நிலைமை மாறிவிட்டதா? 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையை வற்புறுத்த வேண்டாம், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். 45 வருஷம் கழித்து அதே பேச்சு! எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவு தானாக பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகாது. யாராவது ஒருவர் அந்த உத்தரவை மனுவில் சேர்த்து, ‘ஐயா, இந்த நபர் உள்ளே இருந்து ஒரு மாதம் ஆகிறது’ என்று எழுந்து நின்று சொன்னால்தான் அது வேலை செய்யும். அப்படி எழுந்து நிற்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஃபீஸ் அல்ல, ஒரு பை கடுக்காயோ தேனோதான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மலை ஊர்க்காரர்கள் இருந்தால் உங்களுக்கு ஒரு தகவல். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பட்டியல் பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும். பெண்களுக்கும் அப்படியே. கூப்பிட வேண்டிய எண் 15100. கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு எங்கே என்று விசாரித்து நேரிலும் போகலாம். சாதிச் சான்றிதழ் நகல் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் போங்கள், அதை வாங்க மனு எழுதித் தருவதற்கும் அங்கே ஆள் உண்டு.