ஹோப்லெஸ்

எட்டாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் பரீட்சைப் பேப்பரை என்மேல் வீசிவிட்டுச் சொன்ன வார்த்தை ‘ஹோப்லெஸ்’. எனக்கு மட்டுமில்லை, சேரியிலிருந்து போன நாலு பேருக்கும் அதே வார்த்தைதான். அர்த்தம் தெரியாததால் வலிக்கவில்லை. சாயங்காலம் அக்காவின் டிக்‌ஷனரியைப் புரட்டினால் ‘நம்பிக்கையற்ற’ என்று போட்டிருந்தது. குழம்பிப்போனேன். அடுத்த பரீட்சையில பாஸாயிடுவேன்னு நான் நம்பிக்கையோடதானே இருக்கேன்? நம்பிக்கை இல்லாதது அவருக்குத்தானே?

பிறகுதான் புரிந்தது. அந்த வார்த்தைக்கு இரண்டு முகம். நம்பிக்கை இழந்து நிற்பவரும் ஹோப்லெஸ். ‘இது தேறாது’ என்று அடுத்தவர் கைகழுவியவரும் ஹோப்லெஸ். முன்னது மனநிலை, பின்னது தீர்ப்பு. தீர்ப்புச் சொல்கிறவர் தன்னை ஒளித்துக்கொள்ள வசதியான வார்த்தை. ‘உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றால், ஏன் இல்லை என்று திருப்பிக் கேட்கலாம். ‘நீ ஹோப்லெஸ்’ என்றால் குறை என் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. பிறப்பிலேயே குறை என்று சொல்லும் சாதியின் இலக்கணமும் இதுதான்.

எங்கள் தெருப் பேச்சில் வேறு சொற்கள் உண்டு: நாதியத்தவன், கதியத்தவன். ஊர்க்காரர்கள் சுடுகாட்டுப் பாதையை மறித்த அன்றைக்கு, ‘நாதியத்துப் போயிட்டமேடா’ என்று பாட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவள் மனம் சோர்ந்த கதையைச் சொல்லவில்லை. நமக்காக வந்து கேட்க ஒரு ஆள் இல்லை என்ற நிலைமையைச் சொன்னாள். மறுநாள் விடிந்ததும், ‘பேப்பர எடு, கலெக்டருக்கு மனு எழுது’ என்று என்னை உட்கார வைத்ததும் அவள்தான். நாதியற்றவளுக்கு வேலை இருந்தது.

தமிழில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒரு சொல், ஒருவரை நம்புவதற்கு வேறு சொல். நமக்கு இரண்டுக்கும் நம்பிக்கைதான். ஆகவே ‘நம்பிக்கை போச்சு’ என்று ஒருவர் சொன்னால், யார்மேல வெச்ச நம்பிக்கை என்று கேட்டாக வேண்டும். மேடைகளில் ‘நம்பிக்கை இழக்காதீர்கள்’ என்று நமக்கு உபதேசிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அம்பேத்கர் கேட்டார். 1930 மார்ச் 2இல் நாசிக்கில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. கோயிலுக்குள் போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவர் எண்ணவில்லை. இந்து மனம் மாறுமா என்று பார்க்கிற சோதனை அது. ஆண்டுக்கணக்கில் மக்கள் நின்றார்கள், அடிபட்டார்கள். கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13இல், அதே நாசிக் மாவட்டத்து யேவலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். இதை விரக்தி என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், சாதி இந்துக்களின் மனமாற்றத்தில் அவருக்கு நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. ஆனால் அங்கேயிருந்து எடுத்த நம்பிக்கையை அவர் தூக்கிப் போடவில்லை. தன் மக்கள்மேல் வைத்தார். 21 ஆண்டு கழித்து, 1956 அக்டோபர் 14இல், நாக்பூரில் லட்சக்கணக்கானோர் அவரோடு பௌத்தம் தழுவினார்கள்.

ஆக, நம்பிக்கை இழப்பது எப்போதும் குற்றமில்லை. தகுதியில்லாத இடத்தில் வைத்ததைத் திரும்ப எடுப்பது மானமுள்ளவர் செய்கிற காரியம். அடுத்தவர் நம்மேல் எழுதிய தீர்ப்பை நாமே நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து. வார்த்தையின் இரண்டாவது முகம் முதலாவதாக மாறுகிற இடம் அது. நம் பிள்ளைகளை அது சாகடித்திருக்கிறது.

போன மாதம் ஒரு மாணவர் விடுதிக்குப் போயிருந்தேன். முதலாமாண்டு படிக்கிற தம்பி ஒருவன் மூலையில் உட்கார்ந்திருந்தான். ‘நான் ஹோப்லெஸ்ண்ணா’ என்றான். தைரியமா இருப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘யாருடா சொன்னது?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு பேரைச் சொன்னான். அதற்கப்புறம் ராத்திரி முழுக்கப் பேசினோம்.