சாமி கண்ணைக் குத்தும்

எங்கள் அப்பா சித்த வைத்தியர். மூலிகை பறிக்கக் கிளம்பினால் கையில் மஞ்சள் நூல் இருக்கும். செடிக்குக் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி மந்திரம் சொல்லி, இன்ன நோய்க்காக வந்திருக்கிறேன் என்று அறிவித்த பிறகே இலையில் கை வைப்பார். பார்ப்பவர்களுக்கு அது பக்தி. அதில் பாதி பயம் என்பது என் கட்சி.

அந்தப் பயம் இப்போது எங்கே போயிற்று? நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சீட்டில் ‘பிசிஓடி’ (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதி வாங்கிய கல்லூரிப் பெண்கள் அம்மாவோடு வருவார்கள். அம்மாவின் கைப்பையில் மிளகு சேர்த்து இடித்த கழற்சிக்காய்ப் பொடி. “மாத்திரை கெமிக்கல், வயித்தப் பொரட்டுது. இது நாட்டு மருந்துதானம்மா, என்ன செஞ்சிரப் போகுது?” ஒன்றும் செய்யாது என்றால் எதற்குக் குடிக்க வேண்டும்? வரம் கொடுக்கிற சாமிதான் கண்ணையும் குத்தும் என்று நம்புகிறவர்கள் நாம். செடியை மட்டும் வாயில்லாப் பூச்சியாக்கிவிட்டோம்.

கெமிக்கல் என்று அவர்கள் ஒதுக்கும் அந்த மாத்திரை, மெட்ஃபார்மின். அதற்கும் பூர்வீகம் செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்றொரு அவரை இனச் செடி. மேய்ந்த ஆடுகள் செத்துப்போகும். அதிலுள்ள கலேகின் என்ற பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதே வகையில் சாதுவான ஒன்றாக 1922-இல் ஆய்வகத்தில் உருவானதுதான் மெட்ஃபார்மின். அப்பாவிடம் சொன்னால், நஞ்சை நீக்கிச் சுத்தி செய்திருக்கிறார்கள் என்றிருப்பார்.

துணை மருந்தாகச் செடியைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. சேர்க்கும் விதத்தைப் பாருங்கள். இத்தாலியின் பதுவாவில் நடந்து, 2007-இல் வெளியான ஓர் ஆய்வு. முகத்தில் முடி வளரும் பிசிஓடி பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுப்பதுண்டு. அது உப்பையும் நீரையும் வெளியேற்றி இரத்த அழுத்தத்தை இறக்கும், தலை சுற்றும். அதிமதுரமோ உப்பைப் பிடித்துவைத்து அழுத்தத்தை ஏற்றும். 32 பெண்களில் பாதிப் பேருக்கு மாத்திரையோடு தினம் 3.5 கிராம் அதிமதுரமும் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தத் தொல்லைகள் குறைந்தன. செடியின் குற்றத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் செடியை அப்பாவி என்று நினைத்தவர்களுக்கு இந்த யோசனை வந்திருக்காது.

கழற்சிக்காய்க்கு எலிகளில் நடந்த சோதனைகள் உண்டு. அம்மாக்களுக்கு அது போதும், எனக்குப் போதாது. எனக்கு ஆகாதது இன்னொன்று. மாத்திரை கேட்கவில்லை என்றால் டாக்டர் மாத்திரையை மாற்றுகிறார். பொடி கேட்கவில்லை என்றால், “நீ முழுமனசா குடிக்கல, பத்தியம் இருக்கல” என்று பெண்ணின் தலையில் விழுகிறது. நேர்த்திக்கடன் பலிக்காதபோது சாமியை யாரும் கேட்பதில்லை. குறை வைத்தது யார் என்றுதான் வீடு தேடும். இருபது வயதுப் பெண்ணுக்கு மீசை முளைக்கிற வேதனையோடு இந்தப் பழியும் எதற்கு?

மரமஞ்சள் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் நான் கறார். அதிலுள்ள பெர்பெரின் சர்க்கரையைக் குறைக்கும். கர்ப்பிணிக்கு ஆகாது, பிறக்கும் குழந்தையின் மஞ்சள் காமாலையை மோசமாக்கக்கூடும். மாதவிடாய் தள்ளிப்போவதே வழக்கமான பெண்ணுக்கு, கரு தங்கியதே தெரியாமல் போகலாம். ஆகவே கல்யாணமாகிவிட்டதா, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் (மாதவிடாய் வந்தது), வேறென்ன மாத்திரை என்றெல்லாம் கேட்பேன். பொடி வாங்க இவ்வளவு விசாரணையா என்று சலித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே கேட்க மாட்டார்கள்.