வழிப்போக்கருக்குச் சேர வேண்டியது

இரவு தங்க இடம் கேட்டு வருபவருக்கு நாம் கொடுப்பது தானமா, அல்லது அவருக்குச் சேர வேண்டியதைத்தான் கொடுக்கிறோமா? பள்ளிக்கூடத்தில் விருந்தோம்பல் அதிகாரத்தை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது, ஜெர்மனியில் படிக்கும் என் பேத்தி ஸ்டாக்ஹோமுக்கு நாலு நாள் போகக் கிளம்பியபோதுதான். “எங்க தங்குறதுன்னு தெரியல அம்மாச்சி” என்று போனில் ஒவ்வொரு இடமாகப் படித்துக் காட்டினாள்.

பதினான்கு தீவுகள் மேல் இருக்கிற ஊர் அது. மத்திய ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கினால் அலைச்சல் இல்லை. விமான நிலையத்திலிருந்து வேக ரயில் இருபது நிமிடத்தில் அங்கே கொண்டுவந்து விடும். ஆனால் வாடகை அதிகம். கம்லா ஸ்தான் என்கிற பழைய நகரத்தில் கல் பாவிய சந்துகள், அரண்மனை, எல்லாம் நடக்கும் தூரம்தான்; அறைகள் சின்னவை. தெற்கே சோடெர்மால்ம் தீவில் கொஞ்சம் மலிவு. அவள் மனம் போனதோ வேறு இரண்டு இடங்களில். ஒன்று, ஆஃப் சாப்மன் என்ற பாய்மரக் கப்பல். 1888இல் சரக்கு ஏற்றக் கட்டியது, பிறகு கடற்படைப் பயிற்சிக்குப் போனது, 1949இல் கரையில் கட்டி இளைஞர் விடுதி ஆக்கினார்கள். இன்னொன்று லோங்ஹோல்மென் சிறை. 1975இல் மூடிய சிறைக்கூடம் பின்னால் விடுதியானது.

சுவீடன் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு என்று அவள் சொன்னது இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் பட்டது. ஊருக்கு வெளியே காடு, ஏரிக்கரை யாருக்குச் சொந்தமானாலும், வழிப்போக்கர் ஓரிரவு கூடாரம் போட்டுப் படுக்கலாம். வீட்டை ஒட்டிப் படுக்கக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, எதையும் கெடுக்கக் கூடாது. சொந்தக்காரரிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. காலங்காலமாக இருந்த இந்த உரிமை 1994இல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. படுத்து எழுந்து போகிறவர் யாருக்கும் கடன்பட்டவர் ஆவதில்லை. படுக்க விட்டவருக்குப் புண்ணியக் கணக்கு ஏறுவதும் இல்லை.

நாம் இப்படிப் பேசுவதில்லை. சோறு போட்டாலும் பாய் கொடுத்தாலும் புண்ணியம் என்போம். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையைக் கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்கள் என்று யோசிக்கிறேன். வாசற்கதவுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, தலை வைக்க ஒரு ஓரம் சாய்வாக உயர்த்தி, பக்கத்தில் அகல் வைக்க ஒரு மாடம். கதவைத் தட்டாமலே ஒருவர் வந்து படுக்கலாம். நெல் மூட்டை ஏற்றிய வண்டிக்காரர்களும் ஆலங்குடிக் குரு கோயிலுக்குப் போகிறவர்களும் படுத்திருக்கிறார்கள். விடிந்து கோலம் போட வரும்போதுதான் ஆள் கிடப்பதே தெரியும். என் மாமியார் படுக்கப் போகுமுன் ஒரு செம்புத் தண்ணீரை அங்கே வைத்துவிடுவார். யாருக்கு என்று கேட்டால், “யாராச்சும் வருவாங்க” என்பார்.

திண்ணை வீட்டுக்காரர்கள் கட்டியது, சத்திரம் அரசர்கள் கட்டியது. நீடாமங்கலத்தில் பிரதாபசிம்மர் காலத்து யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேசுவரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் நெடுக வைத்த சத்திரங்களில் இவை இரண்டு. 1799இல் ஆட்சியைக் கும்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த சரபோஜி, 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களையாவது விட்டுவையுங்கள் என்பதுதான் அதன் உயிர். அங்கே என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார்: பிராமணர் முதல் பறையர் வரை, ஜங்கமர் பைராகி என்று வருகிற எவருக்கும் சோறு. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியம், இறந்தவருக்கு ஈமக்கடன், குழந்தைக்குப் பால். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்களாம்.

அந்த மணியைத்தான் நான் விடாமல் நினைக்கிறேன். சுவீடன் சட்டம் நிலக்காரரிடம் கேட்பது, வருகிறவரைத் தடுக்காதே என்பது மட்டும். திண்ணை அதற்கு மேல் ஒரு படி போய், வருகிறவருக்காக முன்கூட்டியே கட்டி வைத்திருக்கிறது. மணி அடிக்கிற சத்திரமோ இருட்டில் இருக்கிறவரைத் தேடுகிறது. கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பவருக்கும் பசி உண்டு என்று தெரிந்த ஒருவர்தான் அந்த மணியை ஏற்படுத்தியிருக்க வேண்டும். தானம் என்றால் கேட்டபின் கொடுத்தால் போதும். நான் உன்னைத் தேடி வந்து கூப்பிட வேண்டும் என்றால், இது முன்பே உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் திண்ணை எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நான் எழுதினால் அது பொய். எங்கள் வயலில் நட்டவர்களும் அறுத்தவர்களும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் கொல்லைப்புறமாகத்தான் வந்தார்கள். முன்பின் தெரியாதவர் படுக்கலாம், கண்ணில் பட்டால் அவரிடமும் “எந்த ஊரு, எந்தத் தெரு” என்று கேட்டுவிட்டு. தினம் பார்க்கிற மனிதர் படுக்கக் கூடாது. சத்திரத்திலும் எல்லோருக்கும் சோறு இருந்தது, ஒரே பந்தி இல்லை. இந்தப் பழியைக் கழிக்காமல் நம் விருந்தோம்பலைப் புகழ எனக்கு மனம் வராது. கும்பகோணத்தில் காசு வாங்கிக்கொண்டு அறை கொடுக்கும் லாட்ஜ் சாதி கேட்பதில்லை. தர்மம் தயங்கிய இடத்தில் வாடகை சாவியைக் கொடுத்தது. அதற்கு அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். குருப்பெயர்ச்சி வந்தால் அதே அறையின் வாடகை ஏறிவிடும், கையில் இல்லாதவர் பேருந்து நிலையத்தில் படுப்பார் என்பதும் உண்மைதான்.

யாரென்று கேட்காமலே கொடுத்த ஒரு வீடும் நம் கதைகளில் உண்டு. பெரிய புராணத்தில் இளையான்குடி மாறனார் வீட்டுக்கு மழை இரவில் ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வரலாம் என்று வழி சொல்வது மனைவி. விறகும் இல்லை, கூரை வரிச்சை அறுத்துப் போடுகிறார் மாறனார். விதைநெல்லைத் தொடுவது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அடுத்த போகமே அதில் இருக்கிறது. முடிவில் வந்தவர் சிவன் என்று தெரிகிறது. வகுப்பில் பிள்ளைகள் அந்த இடத்தில் மகிழ்ந்துபோவார்கள். எனக்கு அங்கேதான் நெருடும். வந்தவர் சிவனாக இல்லாமல் வெறும் நனைந்த மனிதராகவே இருந்திருந்தால் அந்த நெல் வீணா? அந்தத் தம்பதி உலை வைத்தபோது அவர் யாரென்று அறிந்திருக்கவில்லை. அந்த நேரத்திலேயே அவர்கள் செய்தது முழுமை அடைந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வருகிறவருக்குக் கொடுப்பது ஏன் அவருக்குச் சேர வேண்டியது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் இருக்கிறது. பங்குனித் திருவிழாவில், பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டு எழுந்தவர்கள் பாடைக் காவடி என்ற வேண்டுதலைச் செலுத்த வருவார்கள். குடமுருட்டியில் குளித்துவிட்டுப் பச்சை மூங்கில் பாடையில் படுப்பார்கள். கை கால் கட்டி, உறவுக்காரர்கள் தூக்க, ஒருவர் முன்னால் தீச்சட்டி ஏந்த, பிணத்துக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்து கோயிலைச் சுற்றி வருவார்கள். பிறகு எழுந்து உட்கார்வார்கள். நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர், உடம்புக்குள் ஒண்டிக் கிடக்கும் உயிருக்கு நிரந்தரமாக ஒரு வீடு இன்னும் வாய்க்கவில்லையோ என்று கேட்கிறார். பாடையிலிருந்து எழுந்தவருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருக்க இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பட்டா என் பேரில் இருந்தாலும் இந்த வீட்டில் என் நிலையும் அதுதான். ஒண்டியிருக்கும் ஒருத்தி இன்னொருவரை வாசலில் நிறுத்தி, உனக்கு இங்கே என்ன உரிமை என்று எப்படிக் கேட்பது?

இன்று தெருவில் பாதித் திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு வந்துவிட்டது. திருட்டுப் பயம் பொய்யில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தனி வீடு செய்ய முடியாததை ஊராகச் செய்யலாம். பாடைக் காவடி ராத்திரியில் கடை வாசல்களில் பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கும் பெண்களைப் பார்க்கிறேன். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பெரிய கூடம் வேண்டும். விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் இருக்க வேண்டும். கொடுத்தவர் பெயர் சுவரில் வேண்டாம். எந்தத் தெரு என்று யாரும் கேட்கக் கூடாது. என் ஓய்வூதியத்திலிருந்து முதல் தொகையை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த பங்குனிக்குள் இடம் பார்க்க வேண்டும்.