'தெய்வம்' என்று சொன்னால் போதுமா?

உங்கள் வீட்டிலும் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டி இருந்திருப்பார். அவரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'அவங்க மனுஷியே இல்லீங்க, தெய்வம்!' நம்மில் பலருடைய பதிலும் இதுதான். கண்கலங்கித்தான் சொல்கிறோம், அதில் பொய் இல்லை. ஆனால், ஒரு மனுஷியைத் தெய்வமாக்கிவிட்டால் அவரை நினைத்ததாகுமா? அல்லது, நினைக்கும் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறதா?

இதைக் கேட்பதற்குக் காரைக்காலைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. மனைவியைத் தெய்வம் என்று விழுந்து கும்பிட்டவரின் கதை அந்த மண்ணில்தான் தொடங்குகிறது.

வணிகர் குலத்துப் புனிதவதியை நீங்கள் அறிவீர்கள். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய 2 மாங்கனிகளில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்கு இலையில் வைத்தார். மற்றொன்றைச் சாப்பிட்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவன் அருளால் கைக்கு வந்தது ஒரு கனி. உண்மையைச் சொன்னதும் பயந்துவிட்டான் பரமதத்தன். கப்பலேறிப் போனவன், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டான். பிறந்த மகளுக்குப் 'புனிதவதி' என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் அம்மையாரை அங்கே அழைத்துச் சென்றபோது, மனைவி, மகளோடு வந்து அவர் காலில் விழுந்தான். 'இவர் மானுடப் பிறவி அல்ல' என்றான்.

பரமதத்தனை வில்லனாக்க வேண்டாம். மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததில் மரியாதை உண்டு. ஆனால் கவனியுங்கள்... கும்பிட்டு எழுந்ததும் அவனுடைய கடமை தீர்ந்துவிட்டது. விட்டுப் போன காலமெல்லாம் அந்தப் பெண் எப்படி இருந்தாள், இனி அவளுக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. தெய்வத்திடம் யார் அதையெல்லாம் கேட்பார்கள்?

அம்மையார், கணவனுக்காகத் தாங்கிய தசையை உதறிப் பேயுரு கொண்டார். தலையாலேயே நடந்து கயிலை ஏறினார். தாயும் தந்தையும் இல்லாத ஈசன், அவரை 'அம்மையே' என்று அழைத்தார். அடுத்து ஒரு கேள்வியும் கேட்டார். 'என்ன வேண்டும் உனக்கு?'

அம்மையாரிடம் பதில் தயாராக இருந்தது. குறையாத அன்பு வேண்டும், பிறவி வேண்டாம், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின் கீழே பாடிக்கொண்டு இருக்க வேண்டும். திருவாலங்காட்டில் அந்த வரம் நிறைவேறியது. கணவன் தெய்வம் என்றான், கேட்கவில்லை. தெய்வம் அம்மை என்றது, கேட்டது!

நம் சிற்பிகளும் அவரை அழகுபடுத்திவிடவில்லை. நரம்பு புடைத்த கழுத்து, எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு, வற்றிய மார்பு. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனியும் இப்படித்தான், கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறது. தம்மைக் 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்டவர் அவர். நாமோ பாட்டியின் படத்தைப் பெரிதாக்கும்போது, சுருக்கத்தை நீக்கித் தரச் சொல்கிறோம்!

இந்த விஷயத்தில் காரைக்கால் மக்களைப் பாராட்ட வேண்டும். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவை, மாப்பிள்ளை அழைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அடுத்து, திருக்கல்யாணம். பிறகுதான் பிச்சாண்டவர் வீதியுலா, மாங்கனி இறைத்தல், அமுது படையல். பேயுருவுக்கு முன்னால் அவர் மணப்பெண்ணாக இருந்தார், சமைத்தார், பரிமாறினார் என்பதை ஊர் மறக்கவில்லை.

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி செல்லும் சாலையில் கோட்டுச்சேரி. அங்கே எங்கள் உறவில் ஓர் அப்பாயி இருந்தார். பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர். 1954 நவம்பர் 1-ம் தேதி ஊர் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தபோது அவருக்கு 26 வயது, கைக்குழந்தையோடு இருந்தாராம். 94 வயதில் மறைந்தார். 'தெய்வம்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

தலைத்திவசம் வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது அந்த வீட்டு வழக்கம். முதல் நாள் இரவு பேச்சு எழுந்தது.

''அத்தைக்கு அதிரசம்னா உசிரு'' என்றார் மூத்த மருமகள்.

''அது மாமாவுக்காகச் சுட்டதுக்கா. அத்தை ஒண்ணுகூட வாயில வெச்சதில்ல'' என்றார் இளையவர்.

சுழியமா? அது பேரப்பிள்ளைகளுக்கு. வாழைப்பூ வடையா? அது பெரிய மகனுக்கு. யாருக்கு எது பிடிக்கும் என்று அப்பாயிக்குத் தெரிந்திருந்தது. அப்பாயிக்கு எது பிடிக்கும் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுகிறவரின் இலையை யார் பார்ப்பார்கள்?

கடைசியில், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய்க் கேட்டார்கள். அவருக்கும் 90 நெருங்கிவிட்டது.

''ஒங்கம்மாவுக்கா? சுட்ட கருவாடும் பழைய சோறும்தான் தம்பி. மத்தியானம் வேலையெல்லாம் ஓஞ்சப்புறம் கொல்லையில ஒக்காந்து ரெண்டு பேரும் திம்போம். அப்பதான் வாய்விட்டுச் சிரிக்கும்.''

பக்தி இதழில் கருவாடா என்று முகம் சுளிக்காதீர்கள். கண்ணப்பர் படைத்ததை ஏற்றுக்கொண்டவர்தானே நம் இறைவன்!

பாட்டி அத்தோடு நிறுத்தவில்லை. ''கப்பல்ல ஒரு தடவை ஏறிப் பாத்துடணும்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதோட அண்ணன் சைகோன் போனாருல்ல, அவரு எழுதின கடுதாசியை அடிக்கடி என்கிட்ட படிச்சுக் காட்டும்.''

''எங்கம்மாவா? எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?'' என்றார் 70 வயதைத் தாண்டிய மூத்த மகன்.

மறுநாள் படையலில் கருவாடு இருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டியை அழைத்து வந்து, முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மூத்த மகன் அவருக்கு எதிரிலேயே அமர்ந்து, கடிதத்தில் என்னென்ன எழுதியிருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.