பழைய பேனாவும் பற்றும்

ஒரு பொருளின்மீது நாம் கொள்ளும் அன்பு எங்கு நின்றால் நன்றியாகும், எதைக் கடந்தால் பற்றாகும் என்னும் வினா மிகப் பழையது. வீட்டையும் நிலத்தையும் பொன்னையும் வைத்தே இதனை ஆராய்வது வழக்கம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு மைப்பேனாவைக் கொண்டும் இதனை ஆராயலாம்.

பார்க்கர் 51 என்னும் பேனாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இதன் பொன் நிப்பின் பெரும்பகுதி ஒரு கூட்டினுள் மறைந்திருப்பதால் மை விரைவில் உலர்வதில்லை. மிகுதியாக இறங்கும் மையைத் தேக்கிக்கொள்ளும் அமைப்பும் உள்ளே உண்டு. ஆதலால் தாளில் மை கொட்டுவது அரிது. அக்காலப் பேனாக்கள் பலவற்றில் இருந்த ரப்பர்ப் பைகள் நாளடைவில் இறுகி உடைந்தன. 1948 முதல் இப்பேனாவில் அமைந்த நெகிழிப் பையோ, அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பல பேனாக்களில் மாற்றப்படாமலே பணிசெய்து வருகின்றது.

இத்தகைய பேனாவைப் பலர் இன்றும் விரும்புவதற்குக் காரணம் அதன் பொன் அன்று. எழுத எடுத்தபோது ஏமாற்றாத அதன் இயல்பேயாகும். எனினும் அவ்வியல்பு பேனாவுக்கு மட்டுமே உரியதன்று. அவ்வப்போது தண்ணீரில் கழுவுதல், நிப்பை அழுத்தாது எழுதுதல் ஆகிய கடமைகள் நம்மைச் சார்ந்தவை. மையோடு பூட்டி வைத்தால் நல்ல பேனாவும் அடைத்துக்கொள்ளும். நாள்தோறும் எழுதினால் தடையின்றி ஓடும். பயன்படுத்துவதே அதனைக் காக்கும் வழி என்பது இங்குக் கருதத்தக்கது.

பந்துமுனைப் பேனா மலிவானது, எளியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டுவது. அதனை இகழ்தல் முறையன்று. பழைய பேனா வைத்திருப்பதனாலேயே ஒருவர் உயர்ந்தவர் ஆகிவிடுவதும் இல்லை. ஒரே பேனாவால் நிறைவடைந்து வேறொன்றை நாடாதிருப்பவரிடம் அது அடக்கத்தை வளர்க்கிறது. நாற்பது பேனாக்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, ஒன்றாலும் எழுதாதிருப்பவரிடம் அதே பேனா ஆசையை வளர்க்கிறது. பொருள் ஒன்றே, மனநிலை வேறு.

நம்மை நாமே சோதித்தறிய ஒரு வழி உண்டு. அப்பேனாவைப் பிறர் கேட்டால் நம் கை எளிதாக நீளுகின்றதா? பிறர் கைபட்டால் நிப் கெட்டுவிடும் என்று கூறி மறுப்பவர் பலர். நிப்பின் முனையில் பதித்திருப்பது கடினமான உலோகத் துளி. பிறர் அழுத்தாது எழுதும் நான்கு வரிகளால் அது தேய்ந்துவிடாது. பல வேளைகளில் நாம் காக்க முயல்வது நிப்பை அன்று, ‘எனது’ என்னும் எண்ணத்தையே.

ஆகவே, பழைய பேனா உடையோர் அதனைத் தமக்குப் பின் சேரவேண்டிய சொத்தாகப் பெட்டியில் வைத்திராமல், தாம் இருக்கும்போதே பேரப்பிள்ளையின் கையில் கொடுத்து, மை நிரப்பவும் கழுவவும் கற்பித்தல் நன்று. கறை படியும், சில நாளில் கை பழகிவிடும்.