சொந்தத் தேவையில் பிறந்த மொழி

வலைத்தளம் தங்கியிருக்கும் வழங்கிக் கணினியிலேயே இயங்கி, வருகையாளர் கேட்கும் பக்கத்தை அந்தக் கணமே தொகுத்து அனுப்பும் நிரல்மொழியான பிஎச்பி, எந்தப் பெருநிறுவனத்தின் திட்டத்திலும் பிறந்ததன்று. 1994-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்தில் தாம் வைத்திருந்த தன்விவரக் குறிப்பைப் பார்வையிடுவோரை அறிவதற்காக சி மொழியில் எழுதிய சில சிறு நிரல்களே அதன் தொடக்கம். அவற்றின் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, 1995-இல் அவர் அனைவருக்கும் திறந்துவிட்டார். இஸ்ரேலில் பல்கலைக்கழகச் செயல்திட்டம் ஒன்றுக்காக இணைய வணிகச் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்த ஆண்டி குட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்னும் மாணவர் இருவர், 1997-இல் அம்மொழியின் போதாமையை உணர்ந்தபோது, அதைக் கைவிட்டு விலகாமல், எழுதப்பட்ட கட்டளைகளைப் பிரித்தறியும் பகுதியான பகுப்பானை அடியிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினர். பின்னர் லெர்டார்ஃபுடன் இணைந்து அவர்கள் ஆற்றிய பணி 1998-இல் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது. மதிப்பெண் பெற்றதும் மூடிவைக்கப்படும் மாணவர் செயல்திட்டங்களுக்கிடையே இப்பணி உயர்ந்து நிற்பதற்கு, உண்மையான தேவையொன்று அதை இறுதிவரை வழிநடத்தியதே முதன்மைக் காரணம் எனலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும், வலைத்தளங்களை அமைக்க உதவும் வேர்ட்பிரஸும் இன்றும் பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதப்படுகின்றன.